காவலே நோயாகும் போது

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு, மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



 இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இச்சபைக்குச் சற்றுப் புதியது. சிலருடைய செவிக்கு அது இனியதாகவும் இராது. எச்.ஐ.வி. எனும் வைரசும், சி வகை ஈரலழற்சி வைரசும் ஒருவரது உடலில் ஒருங்கே குடிபுகுந்தால் அவருடைய ஈரலுக்கு நேர்வது யாது என்பதும், உடலைக் காக்கவேண்டிய காவற்படையே உடலை எதிர்க்கும் விந்தை அங்கே எங்ஙனம் நிகழ்கின்றது என்பதுமே அப்பொருளாகும்.

நான் வைத்தியன் அல்லேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணாக்கன். ஆகவே யான் கூறப்போவது வைத்திய ஆலோசனை அன்று. கற்றவற்றைத் தாய்மொழியிலே தெளிவாக எடுத்துரைக்கும் ஒரு முயற்சியென்றே அதனைக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். "இத்தகைய நோய்களைப் பற்றி இளைஞர் முன்னிலையிற் பேசுதல் தகுமோ?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பேசாது மறைத்தமையால் விளைந்த கேடு எத்துணைப் பெரிது என்பது இச்சொற்பொழிவு முடியுமுன் புலப்படும்.

முதலில் நமது உடலின் காவலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கிருமி ஒன்று உட்புகுந்ததும் அதனை அந்நியனென்று இனங்கண்டு அழிக்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்பர். இவ்வேலையைச் செய்வன குருதியிலுள்ள வெண்குழியங்கள். அவற்றுள் நிணநீர்க் குழியம் எனப்படும் வகையிலே இரு பெரும் பிரிவுகள் உள. பீ குழியங்கள் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்கிக் கிருமிமேல் எய்கின்றன. ரீ குழியங்களுட் சில கிருமி புகுந்த கலங்களை நேரே கொல்கின்றன. வேறு சில ஏனைய குழியங்களுக்குக் கட்டளையிட்டு அவற்றை நடத்துகின்றன. கட்டளையிடும் இக்குழியங்களை சி.டி.4 குழியங்கள் என்று வைத்தியர் அழைப்பர்.

இக்காவலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. அந்நியனை அழித்தல் ஒன்று. தன்னவனைத் தொடாதிருத்தல் மற்றொன்று. இரண்டாவது கடமை தவறுமிடத்துப் பிறக்கும் நோயே தன்னெதிர்ப்பு நோய் எனப்படும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம்மவர் கூறுவதற்கு இதனிலும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் என்பவர், உடல் தன்னையே தாக்குதற்கு இயற்கை அஞ்சுகின்றது என்ற கருத்தை வெளியிட்டார். அவருடைய புகழின் காரணமாகப் பலர், அங்ஙனம் ஒரு நோய் உண்டாகவே மாட்டாது என்று நம்பிவிட்டனர். ஆயினும் 1904 ஆம் ஆண்டிலேயே டொனாத், லான்ட்ஸ்ரைனர் என்னும் இருவர், குளிர் பட்டதும் சிறுநீர் சிவந்துபோகும் நோயாளரின் குருதியில், அவர்தம் செங்குழியங்களையே உடைக்கும் பிறபொருளெதிரி இருத்தலைக் காட்டினர். 1956 இல் நோயல் றோஸ், விற்றெப்ஸ்கி ஆகியோர் முயல்களின் தைரொயிட்டுச் சுரப்பியை அவற்றின் காவற்படையே அழிக்குமாறு செய்து காட்டிய பின்னரே ஐயம் பெரிதும் நீங்கியது.

ஈரலும் இத்தகைய தாக்குதலுக்குத் தப்பவில்லை. 1950 இல் சுவீடன் தேசத்து வால்டன்ஸ்ரோம் என்னும் வைத்தியர், இளம் பெண்களிடத்தே ஒருவகை நீடித்த ஈரலழற்சி தோன்றுவதையும், அவர்களின் குருதியில் பிறபொருளெதிரிப் புரதம் மிகுந்திருப்பதையும் எடுத்துரைத்தார். அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரைச் சேர்ந்த இயன் மக்கே முதலியோர் 1956 இல் அதனை மேலும் ஆராய்ந்தனர். தன்னெதிர்ப்பு ஈரலழற்சி என்று இக்காலத்தில் அழைக்கப்படும் அந்நோய், காவற்படையை அடக்கும் ஸ்ரெரோயிட்டு மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகின்றது. இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதுவே ஒரு சிக்கலாகத் தலைதூக்கும்.

இனி, இரு வைரசுகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1981 ஆம் ஆண்டு யூன் 5 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சுகாதார வார அறிக்கையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஐந்து இளைஞர்களுக்கு அரிதான நுரையீரல் நோய் கண்டதெனச் சிறு குறிப்பொன்று வெளியாயிற்று. எயிட்ஸ் நோயைப்பற்றி வெளியான முதல் அதிகாரபூர்வ அறிக்கை அதுவே. 1983 இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசி அம்மையாரும், லுக் மொந்தானியே என்பாரும் தம் குழுவினருடன் அதற்குக் காரணமான வைரசைக் கண்டனர். 2008 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவ்விருவரும் பங்குபெற்றனர். இவ்வைரசு நேரே சென்று தாக்குவது சி.டி.4 குழியங்களையே. படைத்தலைவனை வீழ்த்திவிட்டாற் படை சிதறும் என்னும் போர்த்தந்திரத்தை அது அறிந்தாற் போலும்!

மற்றைய வைரசு நெடுங்காலம் முகங்காட்டாது ஒளிந்திருந்தது. குருதி ஏற்றிக்கொண்டோருட் பலருக்குச் சில வாரங்களின் பின் ஈரலழற்சி உண்டாவதை வைத்தியர் அறிந்திருந்தனர். ஏ வகை வைரசும் பி வகை வைரசும் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், இவ்விரண்டுமின்றியே பெரும்பாலானோர் நோயுறுகின்றனர் என்பதை அமெரிக்க வைத்தியர் ஹாவி ஆல்ரர் முதலியோர் 1975 அளவில் நிறுவினர். பெயரில்லாத அந்நோய்க்கு "ஏயும் அன்று, பீயும் அன்று" என்பதே பெயராயிற்று. 1989 இல் மைக்கல் ஹோற்றன் என்பவரும் அவர்தம் துணைவரும் கலிபோர்ணியாவில் அவ்வைரசின் பரம்பரைப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே சி வகை. அவ்வைரசு ஒன்றே நோயைத் தரப் போதுமானது என்பதை சார்ள்ஸ் றைஸ் 1997 இல் மெய்ப்பித்தார். ஆல்ரர், ஹோற்றன், றைஸ் மூவரும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விரு வைரசுகளும் ஒருவரிடத்தே எவ்வாறு ஒன்றுசேர்கின்றன? இரண்டுக்கும் பொதுவான பெருவழி குருதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, எச்.ஐ.வி. உடையோருள் ஏறத்தாழ 23 இலட்சம் பேரிடம் சி வைரசு தொற்றியமைக்கான அடையாளம் உண்டு. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் போதைவஸ்தை ஊசிமூலம் ஏற்றுபவர்கள். ஒருவர் பாவித்த ஊசியை மற்றொருவர் பாவித்தலே அவர்களுக்குற்ற கேடு. இதனைக் கேட்டவுடன், "அவரவர் வினைக்கு அவரவர் அனுபவிக்கின்றார்" என்று கூறி எழுந்துவிடுவோர் உளர். அவர்கள் சற்றுப் பொறுத்துப் பின்வரும் வரலாற்றையும் கேட்டல் நன்று.

ஈமோபீலியா என்பது பிறப்பிலேயே வரும் ஒரு நோய். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பற்றுவது. குருதியை உறையச் செய்யும் காரணிகளுள் ஒன்று அவர்களிடத்துக் குறைவு. சிறு காயமும், மூட்டினுள் ஏற்படும் குருதிப்பெருக்கும் அவர்களைப் படுக்கையில் வீழ்த்திவிடும். 1970 ஆம் ஆண்டுகளில் அவர்களுக்கெனச் செறிவாக்கப்பட்ட மருந்தொன்று வந்தது. வீட்டிலிருந்தே ஊசியாக ஏற்றக்கூடிய அதனைப் பெற்றோர் வரப்பிரசாதமெனப் போற்றினர். ஆனால் அம்மருந்து, ஆயிரக்கணக்கானோர் வழங்கிய குருதித் திரவவிழையத்தை ஒரே கலத்தில் ஒன்றுசேர்த்து ஆக்கப்பட்டது. பிரித்தானியா அதனை அமெரிக்காவிலிருந்தும் இறக்குமதி செய்தது. அங்கே காசுக்காகக் குருதி விற்றோரிடமிருந்தும், சிறைக்கைதிகளிடமிருந்துங்கூட அது சேகரிக்கப்பட்டது. ஆயிரம் பேரில் ஒருவரிடம் வைரசு இருப்பினும் கலம் முழுவதும் நஞ்சாகும் அன்றோ? ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பது இங்கே உவமையன்று, நடந்த உண்மை.

பிரித்தானியாவில் இவ்வாறு ஏறத்தாழ 1,250 குருதி உறையா நோயாளர் எச்.ஐ.வி. தொற்றுக்கு இலக்காயினர். அவர்களுள் ஏறத்தாழ 380 பேர் சிறுவர்கள். அநேகமாக எல்லோரிடமும் சி வைரசும் கூடவே இருந்தது. அவர்களுள் நாலில் மூன்று பங்கினர் இறந்துபோயினர். சேர் பிரையன் லாங்ஸ்டாவ் தலைமையில் நடைபெற்ற விசாரணையின் முடிவறிக்கை 2024 மே 20 ஆந் திகதி வெளியாயிற்று. அதன்படி, குருதியாலும் குருதி மருந்துகளாலும் தொற்றுற்றோர் 30,000 பேருக்கு மேற்பட்டோர். இறந்தோர் 3,000 பேருக்கு மேற்பட்டோர். நடந்தது தற்செயலான விபத்தன்று எனவும், உண்மை மறைக்கப்பட்டது எனவும் அவ்வறிக்கை கூறிற்று. பலர் தமது அறிவின்றியே பரிசோதிக்கப்பட்டனர். முடிவு அவர்களுக்குக் காலந்தாழ்த்தியே சொல்லப்பட்டது. அன்றே பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அச்சிறுவர்கள் செய்த வினை யாது? மருந்து வேண்டிக் கையை நீட்டியதே. நோயைப் பார்த்து நோயாளியின் ஒழுக்கத்தை அளந்துவிட இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நிற்க. ஈரலுக்கு நேர்வதை இனிப் பார்ப்போம். வளர்ந்தவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடையது. அதற்குச் செல்லும் குருதியில் ஏறக்குறைய முக்காற் பங்கு குடலிலிருந்து நேரே வருவது. ஆகையால் ஈரலானது உணவுக்குக் களஞ்சியமாகவும், குடலிலிருந்து கசியும் நஞ்சுக்கு வடிகட்டியாகவும் விளங்குகின்றது. சி வைரசு ஈரற்கலங்களிலே வாழ்வது. தொற்றுற்றோருள் நூற்றுக்கு முப்பது பேரளவில் ஆறு மாதத்துள் தாமாகவே அதனை ஒழித்துவிடுவர். எஞ்சியோரிடம் அது ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடும்; பெரும்பாலும் நோவின்றி, செங்கண்மாரியுமின்றித் தங்கிவிடும். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுகளுள் ஈரலிறுக்கம் உண்டாகலாம். மிருதுவான ஈரல் தழும்பேறிக் கட்டிபட்டு இறுகிவிடும் அந்நிலையை "சிரோசிஸ்" என்பர். வயிற்றில் நீர் சேர்தலும், குருதி வாந்தியும், சித்தம் தடுமாறுதலும், ஈரற் புற்றுநோயும் அதன் பின்விளைவுகள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஈரற்கலத்தைப் பெரிதும் கொல்வது வைரசு அன்று. வைரசு குடிகொண்ட கலங்களை அழிக்க முயலும் நமது காவற்படையே. கள்வனைப் பிடிக்க வீட்டுக்குத் தீ வைத்தாற் போன்றது இது. அப்படியாயின், எச்.ஐ.வி. வந்து காவற்படையைக் குறைக்குமிடத்து ஈரல் தப்பவேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிகழ்வதோ இதற்கு நேர்மாறு. இரு வைரசும் உடையோரிடத்து ஈரலிறுக்கம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றது. அது விரைந்தும் வருகின்றது.

காரணம் பலவாகும். கட்டளையிடும் குழியங்கள் குன்றியமையால் சி வைரசைத் தாமாக ஒழிப்போர் தொகை குறைகின்றது. குருதியிலே வைரசின் அளவு ஏறுகின்றது. குடற்சுவரை அடுத்துள்ள சி.டி.4 குழியங்களை எச்.ஐ.வி. தொடக்கத்திலேயே பெருமளவில் அழித்துவிடுவதால், குடலின் வேலி பழுதாகி, பற்றீரியாவின் கழிவுப்பொருள்கள் ஈரலை நோக்கிக் கசிகின்றன. அவற்றைக் கண்டு ஈரலின் காவற்குழியங்கள் ஓயாது கொதித்தெழுகின்றன. ஈரலிலே நட்சத்திர வடிவான சில கலங்கள் உண்டு. அவை தூண்டப்பட்டால் நார்ப்பொருளைச் சுரந்து தழும்பை உண்டாக்கும். இக்கொதிப்பும், எச்.ஐ.வி.யின் புரதமும் அக்கலங்களைத் தூண்டிவிடுகின்றன. ஆகவே ஈரலைப் பொறுத்தவரை, காவல் அடியோடு ஓய்ந்துவிடவில்லை, ஒழுங்கு கெட்டுவிட்டது. ஒழுங்குகெட்ட காவல் பகைவனுக்குப் பயந்து வீட்டாரை அடிக்கும்.

இந்த ஒழுங்குகேடே தன்னெதிர்ப்புக்கும் வித்தாகின்றது. திருவிழாக் கூட்டத்திலே ஒழுங்கு செய்வோர் இல்லாது போனால் என்ன நடக்கும்? சனம் குறைந்துவிடாது, சத்தம் கூடிவிடும், யார் யாரைத் தள்ளுகின்றார் என்பதே தெரியாது. அதேபோல, எச்.ஐ.வி. உடையோரிடத்துப் பீ குழியங்கள் கட்டுமீறிப் பிறபொருளெதிரிப் புரதத்தைப் பெருக்குகின்றன. அவற்றுட் சில தன் உடலின் பொருள்களையே பற்றும். அவற்றைத் தன்பொருளெதிரி என்று கூறலாம். குருதிச் சிறுதட்டுக்களை அவை பற்றி அழிப்பதால் குருதி உறைதல் தடைப்படும். முன்னரே குருதி உறையாத ஈமோபீலியாச் சிறுவனுக்கு இதுவும் சேர்ந்தால் அவன் நிலை யாதாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சி வைரசு இவ்விடயத்தில் இன்னும் ஒருபடி முன்னே நிற்கின்றது. அது ஈரலோடு அமையாது, பீ குழியங்களையும் இடைவிடாது தூண்டுகின்றது. அதனாலே குளிர்பட்டால் உறைந்து படியும் ஒருவகைப் புரதக்கூட்டு குருதியிலே தோன்றும். "கிரையோகுளோபுலின்" என்று அதற்குப் பெயர். இது நுண்ணிய குருதிக் குழாய்களில் அடைத்து அழற்சியை உண்டாக்கும். கால்களிலே செந்நீலப் புள்ளிகள், மூட்டு நோவு, உடற்சோர்வு ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகளென மெல்ற்சர், பிராங்கிளின் ஆகியோர் 1966 இல் எழுதினர். சிறுநீரகமும் நரம்பும் கெடுதலும் உண்டு. அக்காலத்தில் அதன் காரணம் தெரியவில்லை. 1989 இன் பின்னர் பரிசோதித்தபோது, அந்நோயாளருட் பெரும்பாலோரிடம் சி வைரசு இருத்தல் வெளியாயிற்று. காரணமற்ற தன்னெதிர்ப்பு நோயென்று கருதப்பட்ட ஒன்றுக்குப் பின்னால் ஒரு கிருமி ஒளிந்திருந்தது!

வேறொரு வழியும் உண்டு. ஆள்மாறாட்டம் என்று அதனைச் சொல்லலாம். ஈரலிலுள்ள மருந்துகளைச் சிதைக்கும் நொதியம் ஒன்றின் ஒரு பகுதியும், சி வைரசின் புரதத்தின் ஒரு பகுதியும் சாயலில் ஒத்திருக்கின்றன. சிலரிடத்தே அந்நொதியத்தை எதிர்க்கும் தன்பொருளெதிரி காணப்படுவதற்கு இவ்வொற்றுமை காரணமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கள்வனின் முகச்சாயல் உடைய குற்றமற்ற வீட்டுக்காரன் அடிபடுகின்றான்.

இப்பொழுது வைத்தியரின் இக்கட்டை நோக்குங்கள். இரு வைரசும் உடைய ஒருவரின் ஈரல் விரைந்து கெடுகின்றது. காரணம் சி வைரசாக இருக்கலாம். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் மருந்தாகவும் இருக்கலாம். அவற்றுட் சில ஈரலுக்கு ஆகாதவை. மதுவாகவும் இருக்கலாம். மெய்யான தன்னெதிர்ப்பு ஈரலழற்சியாகவும் இருக்கலாம். அது அரிது, ஆனால் இல்லாததன்று. தன்னெதிர்ப்பு ஈரலழற்சியைக் கண்டறிய வைத்தியர் நாடுவது குருதியிலுள்ள தன்பொருளெதிரிகளையும், மிகுந்த பிறபொருளெதிரிப் புரதத்தையும். முன்னையதைச் சி வைரசு தானே உண்டாக்கிவிடும், பின்னையதை எச்.ஐ.வி. உண்டாக்கிவிடும். ஆகவே அடையாளங்கள் இரண்டும் பொய்ச்சாட்சி கூறுகின்றன. ஈரலில் ஊசியேற்றிச் சிறுதுண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தே பல வேளைகளில் முடிவு செய்யவேண்டும்.

சோதனைகளும் இரு பக்கமும் வழுவுதல் உண்டு. 1990 அளவில் வந்த முதற் சி வைரசுச் சோதனை, புரதம் மிகுந்த தன்னெதிர்ப்பு நோயாளர் சிலரை வைரசு உடையோரெனத் தவறாகக் காட்டிற்று. மறுபுறம், எச்.ஐ.வி. முற்றியவரிடத்துப் பிறபொருளெதிரி ஆக்கும் வலிமையே குன்றிவிடுவதால், சி வைரசு இருந்தும் இல்லையென்று சோதனை கூறக்கூடும். அத்தகையோருக்கு வைரசின் பரம்பரைப் பொருளையே தேடும் சோதனை வேண்டும்.

தவறின் விலை என்ன? தன்னெதிர்ப்பு ஈரலழற்சிக்கு ஸ்ரெரோயிட்டு மருந்து. அதனைச் சி வைரசு மட்டும் உடையவருக்குக் கொடுத்தால் காவல் அடங்கி வைரசு பெருகும். சி வைரசுக்கு அக்காலத்தில் இருந்த மருந்து இன்ரர்பெரோன். அது காவற்படையைக் கிளறிவிடுவது. அதனைத் தன்னெதிர்ப்பு நோயாளருக்குக் கொடுத்தால் எரியும் நெருப்பில் நெய் வார்த்ததாகும். ஒருவருக்கு அமிர்தமாவது மற்றவருக்கு ஆலகாலம்.

எச்.ஐ.வி. மருந்தும் ஒரு புதிய நிலையைக் கொண்டுவந்தது. 1996 முதலாகப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியபின், சாவை நோக்கியிருந்தோர் எழுந்து நடமாடினர். ஆனால் வீழ்ந்த படை மீண்டும் அணிவகுக்கும்போது, சிலரிடத்தே தைரொயிட்டு மிகையாகச் சுரக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஓராண்டு இரண்டாண்டு கழித்துத் தோன்றிற்று. அரிதாக ஈரலிலும் அத்தகைய தாக்குதல் கண்டனர். இதனாற் சிலர் மருந்தை விட்டுவிட்டு விட்டுப் பாவித்தால் நலமோ என எண்ணினர். 5,472 பேரைச் சேர்த்து நடத்திய ஓர் ஆராய்ச்சி அதற்கு 2006 இல் விடை கூறிற்று. மருந்தை இடையில் நிறுத்தியோரிடத்தே நோயும் சாவும் கூடின. ஈரல் வைரசு கூடவே உடையோருக்கு அக்கேடு பெரிதாயிருந்தது. மருந்தை நிறுத்துதல் வழியன்று என்பது வெள்ளிடைமலையாயிற்று.

எயிட்ஸ் நோயால் இறவாது தப்பியோர் ஈரல் நோயால் இறக்கும் காலம் அவ்வாறு வந்தது. இன்ரர்பெரோனும் றிபாவிறின் என்னும் மருந்தும் சேர்த்து ஓராண்டளவு கொடுத்த பெரும் ஆராய்ச்சியின் முடிவு 2004 இல் வெளியாயிற்று. இரு வைரசும் உடையோருள் நூற்றுக்கு நாற்பது பேரே குணமடைந்தனர். சுரமும், மனச்சோர்வும், குருதிக் குறைவும் தாங்காது இடையில் விட்டோர் பலர்.

அதன்பின் நிகழ்ந்தது வைத்திய வரலாற்றிற் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்கது. காவற்படையைக் கிளறாது, வைரசு தன்னைப் பெருக்கும் நொதியங்களையே நேரே தடுக்கும் குளிசைகள் 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சொபொஸ்புவிர் எனும் மருந்துக்கு 2013 திசம்பரில் அமெரிக்கா அனுமதியளித்தது. அதனையும் லெடிபாஸ்விர் என்பதனையும் சேர்த்த ஒரு குளிசையை, நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாரம், இரு வைரசும் உடைய 335 பேருக்குக் கொடுத்தனர். 2015 இல் வெளியான முடிவின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் குணமடைந்தனர். பதினொரு ஆண்டுகளில் நாற்பது தொண்ணூற்றாறாயிற்று! குளிரில் உறையும் புரதத்தால் வந்த புள்ளிகளும் நோவும், வைரசு நீங்கியதும் பலரிடத்துத் தணிந்துவிட்டன. முற்றி இறுகிய ஈரல் மட்டும் முழுதும் பழைய நிலைக்கு வாராது. அத்தகையோர் புற்றுநோய் தோன்றுகின்றதா என்று தொடர்ந்து சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றுதலும் உண்டு. சி வைரசுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

ஆனால் மருந்து கண்டதனால் மட்டும் மாந்தர் பிழைத்துவிடுவதில்லை. முதலில் அமெரிக்காவில் ஒரு சொபொஸ்புவிர்க் குளிசையின் விலை 1,000 டொலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர். பின்னர் வேறு நாடுகளில் அம்மருந்துகள் ஆக்கப்பட்டு, பல வறிய நாடுகளுக்கு மிகக் குறைந்த விலையிற் கிடைக்கலாயின. இருந்தும், உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுவது யாதெனில்: 2022 இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் சி வைரசுடன் வாழ்ந்தனர், அவ்வாண்டில் 2 இலட்சத்து 42 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர், நூற்றுக்கு முப்பத்தாறு பேருக்கே தமது நோய் தெரிந்திருந்தது, இருபது பேரளவிலேயே மருந்து பெற்றிருந்தனர். ஆகவே இன்றைய பெருந்தடை அறிவின் குறைவு அன்று. சோதனைக்குச் செல்ல விடாத கூச்சமும், செல்லுவோரைச் சுட்டும் விரல்களுமே தடை.

பெரியோர்களே, நான் உங்களிடம் வேண்டுவது இதுவே. பிள்ளை ஒருவன் வழிதவறினான் என்று அறிந்தால், அவனை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். துரத்தப்பட்டவன் ஒளிவான், ஒளிந்தவன் சோதனைக்கு வாரான், அவனுடைய ஈரல் இருட்டிலே இறுகும். இந்நோயாளருடன் உண்பதாலும், கைகுலுக்குவதாலும், ஒரே பாத்திரத்திற் குடிப்பதாலும் இவ்விரு வைரசுகளும் தொற்றமாட்டா. சொல்லால் அவர்களைக் காயப்படுத்துவதற்கு விஞ்ஞானம் ஒரு நியாயமும் தரவில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் சில சொற்கள். ஒருவர் பாவித்த ஊசியையும் சவர அலகையும் மற்றவர் தொடாதீர்கள். சுத்தஞ்செய்யாத ஊசியாற் பச்சை குத்திக்கொள்ளாதீர்கள். ஈரல் நோய் உடையவருக்கு மது நெருப்பு. இல்லாதவருக்கும் அது நண்பன் அன்று. நம்மிற் பலர் இரத்ததானம் செய்பவர்கள். நமது நாட்டிலே வழங்கப்படும் குருதி எச்.ஐ.வி.க்கும் சி வைரசுக்கும் சோதிக்கப்பட்டே ஏற்றப்படுகின்றது. ஆயினும், தொற்றுப் புகுந்த ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையும் அதனைக் காணாது விடக்கூடும். ஆகையால் தானஞ்செய்யுமுன் கேட்கப்படும் வினாக்களுக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுதல் தானத்தின் ஒரு பகுதியே. காசுக்கு விற்கப்பட்ட குருதி எத்தனை சிறுவரைக் கொன்றதென்று கண்டோம். அன்பினால் கொடுக்கப்படும் குருதிக்கு உண்மையே காவல்.

உடலிலே காவற்படை தன்னவனையும் அந்நியனையும் பிரித்தறியாது போனால் நோய் பிறக்கின்றது. சமூகத்திலும் அவ்வாறே. நோயை அந்நியனெனக் காணவேண்டிய நாம், நோயாளியை அந்நியனாகக் காண்போமாயின், நமது காவலே நமக்கு நோயாகிவிடும். நோயை எதிர்ப்போம், நோயுற்றவரை நம்மவரெனக் கொள்வோம்.